இல்லை என்று சொன்ன மென்பொருள்

நான்கு இலவச மென்பொருள்களைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டு, சத்தம் உண்டாக்குபவை. இரண்டு, விதிகளைக் கொடுத்தால் அவற்றுக்குள் அடங்குகிற வழியைத் தேடுபவை. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவன். மலேசியாவில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். ஆட்களை வேலைக்கு விட்டு மேற்பார்வை பார்ப்பது என் வேலை. மென்பொருளைப் பற்றி எழுத நான் ஆள் இல்லை. ஆனால் அந்த நான்கில் ஒன்று எங்கள் வீட்டுச் செவ்வாய்க்கிழமைகளை மாற்றியது. அதனால் எழுதுகிறேன்.

மடிக்கணினி மகளுடையது. சிரம்பானில் வேலை கிடைத்து, அங்கே ராசாவில் அறை எடுத்துப் போனபோது அவள் புதிது வாங்கிக்கொண்டாள். பழையது எங்களோடு தங்கிவிட்டது. மூடியின் ஒரு பக்கம் உடைந்திருந்தது. டேப் சுற்றி வைத்தேன்.

மதியம் இரண்டு மணிக்கு வேலை முடியும். குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது பெரும்பாலும் மழை வரும். செம்பனை மரங்களுக்கு நடுவே புகைபோல நீர் நிற்கும். தகரத்தில் மழை விழுகிற நேரத்தில் யாரும் பேச மாட்டார்கள். எனக்கு அது வசதி.

அப்படி ஒரு மதியம் மடிக்கணினியைத் திறந்து, மகள் எப்போதோ போட்டு வைத்திருந்த ஒரு மென்பொருளின் படத்தை அழுத்தினேன். திரை முழுக்க இரும்பு அலமாரி வந்தது. திருகாணிகள், குமிழ்கள், வரிசை வரிசையாகத் துளைகள். மண்டோர் ஆவதற்கு முன்னால் பம்பு வீட்டில் வயர்மேனுக்குக் கையாளாக இருந்தவன் நான். அங்கிருந்த பலகையும் இப்படித்தான் இருக்கும். அதைத் தெரியாமல் தொட்டால் தூக்கி அடிக்கும். இதைத் தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு வயர் இழுத்தேன். வயர் நடுவில் தொய்ந்து தொங்கியது. படத்தில் இருக்கிற வயர் ஏன் தொங்க வேண்டும்? எங்கோ ஒருவன் அது தொங்கினால்தான் சரி என்று உட்கார்ந்து செய்திருக்கிறான். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வயரில் சத்தம் வந்தது. உள் அறையில் படுத்திருந்த மனைவி குரல் கொடுத்தாள்.

“என்னங்க அது, வண்டு பூந்துருச்சா?”

“கம்ப்யூட்டரு.”

“வண்டு மாதிரியே இருக்கு.”

“ம்.”

“வெலைக்கு வாங்குனீங்களா?”

“சும்மா குடுக்குறான்.”

“சும்மா எவன் குடுப்பான்? பின்னாடியே வந்து வாசல்ல நிப்பான் பாருங்க.”

அவன் வரமாட்டான். அதை எழுதியே வைத்திருந்தான். கைப்பேசியில் தமிழாக்கிப் படித்தேன். இதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இது வேலை செய்யும் என்று நாங்கள் உறுதி சொல்லவில்லை. கைப்பேசித் தமிழ் கொஞ்சம் கோணல். ஆனாலும் புரிந்தது. எனக்கு இதுவரை கொடுக்கப்பட்ட எந்தப் பொருளிலும் இவ்வளவு உண்மை எழுதியிருக்கவில்லை.

மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாது. செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். லுக்குட் டவுனைத் தாண்டிப் போக வேண்டும். காலை ஆறரைக்கு இயந்திரத்தில் மாட்டினால் பத்தரைக்குக் கழற்றுவார்கள். மதிய நேரத்துக்குப் பெயர் கொடுத்திருந்தோம். இடம் இல்லை.

அவளுடைய இடது கையில், முழங்கைக்கு மேலே, இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஊசி போடுகிற இடம் அது. உள்ளங்கையை வைத்தால் உள்ளே உறுமுவது தெரியும். அந்த உறுமல் இருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காலையில் எழுந்ததும் நான் முதலில் தொடுவது அந்தக் கையைத்தான். பூனையின் வயிற்றைத் தொடுவதுபோல இருக்கும்.

ஒரு மழை நாளில் அந்த உறுமலை அலமாரியில் செய்து பார்த்தேன். ஒரு பெட்டி அடிச்சத்தம் கொடுத்தது. இன்னொரு பெட்டி அதை மெல்ல மேலே தூக்கி மெல்லக் கீழே இறக்கியது. இன்னொன்று கூர்மையை எடுத்துவிட்டது. குமிழைத் தலைமுடி அளவு திருப்பித் திருப்பி வைத்தேன். மழைச் சத்தமும் அதுவும் ஒன்றோடு ஒன்று கலந்து, எது கூரையில், எது பெட்டியில் என்று தெரியாமல் போனது. வீடு தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருந்தது. நானும் உள்ளேதான் இருந்தேன். மூச்சு முட்டவில்லை.

நிறுத்தப் போனேன்.

“இருக்கட்டும்,” என்றாள் உள்ளேயிருந்து. “வண்டு பாவம்.”

அந்த அலமாரிக்கு ஒரு குறை. பத்துப் பெட்டிக்கு மேல் வைத்தால் பழைய மடிக்கணினி தாங்காது. விசிறி அலறும், சத்தம் துண்டு துண்டாக வரும். அதனால் இன்னொரு மென்பொருளைப் போட்டேன். அதுவும் இலவசம்தான், அதுவும் சத்தம்தான். ஆனால் அலமாரி இல்லை, திருகாணி இல்லை. வெள்ளைத் திரையில் வெறும் கட்டங்கள், கோடுகள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வேலை என்று நாமே எழுத வேண்டும். எழுத்து தப்பினால் கட்டத்தின் ஓரம் புள்ளிக்கோடாக நிற்கும். முதலாவது கடைவீதி மாதிரி. இருப்பதைப் பார்த்து எடுக்கலாம். இரண்டாவதில் பொருளின் பெயர் தெரிந்தால்தான் கிடைக்கும். எனக்குத் தெரிந்த பெயர்கள் ஐந்தோ ஆறோ. ஆனால் விசிறி அலறவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு அலமாரிக்கே திரும்பினேன். பெட்டிகளைக் குறைத்துக்கொண்டேன். தொங்குகிற வயர்தான் காரணம்.

சத்தம் துண்டாகிறதே என்று, அலமாரியைப் பயன்படுத்துகிறவர்கள் பேசிக்கொள்கிற இணையப் பக்கத்தில் கைப்பேசி உதவியோடு எழுதிக் கேட்டிருந்தேன். எந்த நாட்டுக்காரனோ, மறுநாள் பதில் போட்டிருந்தான். உன் கணினி பழையது, இந்த எண்ணைக் குறை, அவ்வளவுதான். குறைத்தேன். சரியானது. அவன் என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவன்.

அப்போது மனைவியை டயாலிசிஸுக்கு ஓட்டிப் போனவன் அவளுடைய தம்பி, என் மச்சான். எங்களுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தான். அவனுக்கு ஜொகூரில் லாரி வேலை கிடைத்தது. நல்ல வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான்.

“மாமா, அக்காவ என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டான்.

“பாத்துக்கிறேன். நீ போ.”

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேனே தவிர, எப்படி என்று தெரியவில்லை. காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அதே ஐந்தே முக்காலுக்குத்தான் பெரட்டு. ஆட்கள் எல்லாரும் ஆபீஸ் முன்னால் வந்து நிற்பார்கள், தலை எண்ணி, இன்னார் இன்ன காட்டுக்கு என்று பிரித்து விடுவோம். மண்டோர் பெரட்டில் நிற்க வேண்டும்.

மச்சான் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும். ஆனால் ஃபேக்டரியில் நான்கு நாள் வேலை, இரண்டு நாள் லீவு என்று மாறி மாறி வரும். பகல் வேலையென்றால் விடியுமுன் பஸ் வந்து ஏற்றிப் போகும். இரவு வேலையென்றால் காலை எட்டுக்குத்தான் வந்து இறங்குவாள். லீவு நாள் செவ்வாயில் விழுந்தால் உண்டு, விழாவிட்டால் இல்லை. கைப்பேசியில் கூப்பிடுகிற கார் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வராது. மேப்பில் ரோடு தோட்டத்து கேட்டோடு முடிந்துவிடும். லுக்குட்டில் ஒரு வாடகைக் காரோட்டி இருந்தார். சனிக்கிழமை வருவார். மற்ற நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போய்விடுவார்.

மச்சான் போன முதல் வாரமே ஒரு வியாழன் தப்பியது. வெள்ளிக்கிழமை அவள் கால் செருப்புக்குள் நுழையவில்லை. சனிக்கிழமை தாதி என்னை போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

“ஐயா, இன்னொரு தடவ விட்றாதீங்க. தண்ணி நெஞ்சுக்கு ஏறுச்சுன்னா எங்க கையில இல்ல.”

அன்று மதியம் மனைவி கேட்டாள். “வாரத்துக்கு ரெண்டு நாள் போனா போதாதா? சமாளிப்பேன்.”

“போதாது.”

அடுத்த மூன்று வாரத்துக்குத் தங்கச்சி லீவு கேட்டு வாங்கி ஓட்டினாள், அதற்கு மேல் ஃபேக்டரி தராது. ஆறு வாரக் காலண்டரை எடுத்து வைத்துப் பென்சிலால் எழுதினேன். அழித்தேன். எழுதினேன். காகிதம் கிழிந்தது. மகளுக்கு போன் போட்டேன்.

“ப்பா, இதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்கு. யார் எப்ப முடியும், எப்ப முடியாது, எல்லாத்தையும் ரூலா எழுதிட்டா அதுவே தேடும். ஃப்ரீ லா.”

“தமிழ்ல எழுதலாமா?”

“ப்பா!”

அவள் சிரித்தாள். முதலில் ஒன்று அனுப்பினாள். அதை ஒரு கணினி மொழிக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஒரு அடைப்புக்குறியை மறந்தால் இருபது வரி திட்டும். அடைப்புக்குறியோடு மூன்று மதியம் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஓடியது. ஒரே ஓர் ஆங்கிலச் சொல் வந்தது. மகளிடம் படித்துக் காட்டினேன்.

“வழி இல்லன்னு சொல்லுதுப்பா.”

“ஏன் இல்லையாம்?”

“அத சொல்லாது.”

சத்தம் செய்கிற மென்பொருளில் எந்த வயரை எந்தத் துளையில் மாட்டினாலும் அது ஏற்றுக்கொள்ளும். அழகாக வரும், அசிங்கமாக வரும், சில நேரம் ஒன்றுமே வராது. தப்பு என்று மட்டும் சொல்லவே சொல்லாது. அதோடு பழகிவிட்டு இதனிடம் வந்தால் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. இரண்டும் இலவசம். இரண்டையும் முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்து செய்து வெளியே வைத்திருக்கிறார்கள். ஒன்றின் மனம் குளத்தங்கரை, யாரும் வந்து உட்காரலாம். இன்னொன்றுக்கு மனமே கிடையாது என்று நினைத்தேன். அப்படி நினைத்தது அவசரம்.

மகள் இன்னொன்று அனுப்பினாள். அதில் விதிகளை எழுதுவது கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி. ஒரு விதிக்கு ஒரு வரி. மேலே முக்கோணத்தை அழுத்தினால் ஓடும். எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன். பெரட்டு விதியை முதல் வரியில் போட்டேன், பிள்ளையார் சுழி மாதிரி. பிறகு வாரத்துக்கு மூன்று நாள். ஆறரை மணி. தங்கச்சியின் ஷிப்ட். வாடகைக் கார் சனி மட்டும். அழுத்தினேன். இரண்டு பக்கமும் சமன்குறிகள் வரிசையாக நிற்க, நடுவில் அதே சொல்.

இதைச் செய்தவர்களும் பேசுகிற பக்கம் ஒன்று வைத்திருந்தார்கள். முன்பு போட்ட அடைப்புக்குறி மென்பொருளின் பக்கத்தில் பதில் சொல்கிறவர்கள் படித்தவர்களுக்கே சொல்வதுபோலச் சொல்வார்கள். இங்கே ஆரம்பக்காரர்களுக்கு என்று தனி இடம் இருந்தது. ஏன் இல்லை என்று தெரிய வேண்டும் என எழுதிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு பெண்மணி எழுதியிருந்தார். மேலே உள்ள பட்டியலில் இதைத் தேர்ந்தெடுங்கள், சேர்ந்து இருக்க முடியாத விதிகளுக்கு அது நிறம் பூசிக் காட்டும், அவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்தால் போதும்.

அன்று மழை இல்லை. வெயில் மஞ்சளாக இருந்தது. அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஐந்து வரிகளுக்கு நிறம் வந்தது.

ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, இதை யார் சொன்னது என்று பார்த்தேன். மூன்று நாள்: டாக்டர் சொன்னது. ஆறரை மணி: டயாலிசிஸ்காரர்கள் சொன்னது. ஷிப்ட்: ஃபேக்டரி எழுதி ஒட்டியது. சனி மட்டும்: லுக்குட்காரர் தன் வாயால் சொன்னது. மீதி ஒரு வரி, மண்டோர் தினமும் பெரட்டில் நிற்க வேண்டும். இதை யார் சொன்னது?

யோசித்தேன். யார் முகமும் வரவில்லை. எனக்கு முன்னால் இருந்த மண்டோர் நின்றார். அவருக்கு முன்னால் இருந்தவரும் நின்றார். காய்ச்சலோடு நின்றிருக்கிறேன். மகள் பிறந்த அன்று நின்றுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மழை பெய்து வேலை இல்லை என்று தெரிந்த நாளிலும் போய் நின்றேன். வேலைக் கடிதத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, மகளிடம் படம் அனுப்பிப் படிக்கச் சொன்னேன். அதிலும் இல்லை. யாரும் போடாத விதியை நானே முதல் வரியில் எழுதி வைத்திருந்தேன்.

அந்த வரியில் சிறு மாற்றம் செய்தேன். செவ்வாயும் வியாழனும் வேண்டாம். அழுத்தினேன். கண் சிமிட்டுவதற்குள் ஆறு வாரமும் நிரம்பி வந்தது. எல்லாச் செவ்வாயும் என் பேர், எல்லா வியாழனும் என் பேர். தங்கச்சிக்கு லீவு விழுந்த நாளில்கூட என் பேரைத்தான் போட்டிருந்தது. அதைத் திருத்தலாம் என்று தெரியும். திருத்தவில்லை.

மருந்தடிக்கும் கூட்டத்துக்குத் தலைவியாக ஓர் அம்மா இருக்கிறார். வயதில் மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணே என்பார். மறுநாள் வேலை முடிந்ததும் அவரிடம் போனேன்.

“ரெண்டு நாளைக்குப் பெரட்ட நீங்க பாத்துக்க முடியுமா?”

“எந்த ரெண்டு நாளு?”

“வாராவாரம். செவ்வா, வியாழன்.”

முதுகில் மாட்டியிருந்த மருந்துத் தோம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணே, இத்தன வருசமா அங்க நின்னு என்ன பண்ணுனீங்க?”

“எண்ணுனேன்.”

“எனக்கும் எண்ணத் தெரியும்.”

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி சொன்னாள், “மண்டோர் இல்லன்னா பெரட்டுல சத்தமே இருக்காதுக்கா, அவருதான வாய் மூடாம பேசுறது.” இன்னும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு மானேஜர். மலாய்க்காரர், என்னைவிடச் சின்னவர். அவர் முன்னால் நின்று, பெரட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் வர முடியாது என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை.

“தினமும் நிக்கணும்னு சியாப்பா சூரோ?” என்று கேட்டார். யார் கட்டளையிட்டது என்று மலாயில் அர்த்தம். தமிழும் மலாயும் கலந்து பேசுவார்.

“தெரியல, என்சிக்.” ஐயா என்பதற்கு மலாய்ச் சொல் அது.

“நீங்களா விரும்பி நிக்கிறீங்கன்னு நெனச்சேன்.”

பன்னிரண்டு மணிக்குள் வந்து பழக்குலைகளைப் பார்த்துவிட வேண்டும், மீதி நேரத்தை மாலையில் ஈடுகட்ட வேண்டும் என்றார். சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கே மனைவி காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மடியில் போர்வை. அந்த இயந்திரத்தில் படுத்தால் குளிரும். ஆபீஸ் முன்னால் விளக்கு எரிந்தது. ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பனியில் அவர்களுக்குக் கால் இல்லாததுபோலத் தெரிந்தது. நான் நிற்கிற இடத்தில் அந்த அம்மா நின்று விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். காரை மெதுவாக்கினேன். வெளியிலிருந்து பெரட்டை நான் பார்த்ததே இல்லை. சின்னதாக இருந்தது.

“எறங்கணுமா?” என்றாள்.

“வேணாம்.”

கேட்டைத் தாண்டினோம். பெரிய ரோட்டில் பனி வெள்ளைத் துணிபோலத் தாழக் கிடந்தது. அவள் தூங்கிவிட்டாள். லுக்குட்டில் கடைகள் திறக்கவில்லை. ஒரே ஒரு ரொட்டிக் கடையில் மட்டும் ஒருவன் மேசை துடைத்துக்கொண்டிருந்தான். குழியில் விழாமல் ஓட்டினேன். அவள் தலை சாய்ந்த பக்கம் வளைவு வந்தால் இன்னும் மெதுவாகப் போனேன். ஆறேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

எடை பார்த்து, ஊசி போட்டு, இயந்திரத்தில் மாட்டிய பிறகு என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான்கு மணி நேரம். என்ன செய்வதென்று தெரியவில்லை. காரை எடுத்தேன். சி ரூசா வரை போனேன். கடற்கரையில் ஆள் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்தேன். கடல் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போனது. தூரத்தில் ஒரு கப்பல் நின்றதா நகர்ந்ததா என்று கடைசிவரை தெரியவில்லை. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. தூங்கினேனா என்றும் தெரியவில்லை. சூரியன் மட்டும் இடம் மாறியிருந்தது.

பத்தரைக்கு அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தேன். கையில் கட்டு. முகம் வெளுத்திருந்தது, ஆனால் கால் வீக்கம் வடிந்து செருப்பு சரியாக நுழைந்தது. காரில் உட்கார்ந்ததும் என் சட்டையைப் பார்த்தாள். மணல் ஒட்டியிருந்தது.

“எங்க போனீங்க?”

“கடலுக்கு.”

“எப்படி இருந்துச்சு?”

“இருந்துச்சு.”

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“வியாழக்கெழம போயி நல்லா பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

“சரி,” என்றேன். தோட்டத்துக்குப் போகிற ரோட்டில் காரைத் திருப்பினேன்.